கூரையிலிருந்து ஒரு துரும்பு

உதயகேது நாடகத்தில் ஒரு வரியை மாற்றினால்கூட அந்தக் காலத்துப் போடிநாயக்கனூரில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நாட்டை இழந்து, காட்டுக்குப் போய், கடைசியில் போர்க்களத்தில் மாண்டுபோகிற ஒரு ராசாவின் கதை அது. ராசா எந்தப் பாட்டில் கலங்குவார், ராணி எந்தப் பாட்டில் மயங்கி விழுவாள் என்பதெல்லாம் சந்தையில் மூட்டை தைக்கிறவனுக்கும் மனப்பாடம். ராணி ஒரு தாளம் பிந்தி விழுந்தால், "ஆத்தா, இந்நேரம் விழுந்திருக்கணும்ல!" என்று கூட்டத்திலிருந்து ஞாபகப்படுத்துவார்கள். அப்பேர்ப்பட்ட நாடகத்தில், ஐம்பத்து நாலாம் வருசம் மார்கழி மாசம், பிச்சைமணி வாத்தியார் துணிந்து கை வைத்தார்.

அவர் காவேரிக் கரைக்காரர். சின்ன வயதிலிருந்து நாடகக் கம்பெனியில் வளர்ந்து, கம்பெனி நொடித்துப்போனதும் ஆர்மோனியப் பெட்டியோடு அந்த வருசந்தான் போடியில் வந்து இறங்கியவர். எதற்கெடுத்தாலும் "நியாயம் வேண்டாமா?" என்பார். ராணி துடித்துக்கொண்டிருக்கும்போது பபூன் வந்து நாலு பாட்டுப் பாடுகிறானே, நியாயம் வேண்டாமா? பபூனை அந்தக் காட்சியிலிருந்து எடுத்தார். அறுபத்திரண்டு பாட்டா, நியாயம் வேண்டாமா? நாற்பதை வெட்டினார். விடிய விடிய நடக்கிற நாடகத்தைப் பகல் நாடகமாக்கினார். இதில் மட்டும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாடகம் கேட்டிருந்தது குரங்கணிக்கு மேலே இருந்த ஓர் ஏலக்காய் எஸ்டேட். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் சரிவில் கால் வைத்தால் ஆள் உருண்டுவிடுவான், போதாததற்கு யானை நடமாட்டம் வேறு, அதனால் மதியம் தொடங்கிப் பொழுது சாயுமுன் முடித்துவிட வேண்டும் என்று எஸ்டேட் கங்காணி ஒச்சப்பன் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பகல்ல வேசம் கட்டுனா பேய்கூடப் பயப்படாதேய்யா," என்றாள் வேலுத்தாய். அவள்தான் ராணி. பதினாலு வருசமாக அவள்தான் ராணி.

"பேய்க்கு நாம நாடகம் போடலைம்மா," என்றார் வாத்தியார்.

பிறகு மோதிரத்துக்கு வந்தார். மூன்றாம் காட்சியிலேயே ராசா எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார். முடி போயிற்று, முத்து மாலை போயிற்று, ராணியின் மூக்குத்தி வரைக்கும் போயிற்று. மிச்சம் ஒரு வாளும் ஒரு குடிசையும். அப்படியிருக்க, எட்டாம் காட்சியில் போருக்குப் புறப்படும்போது இடுப்பிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, "என் ஞாபகமாக வைத்துக்கொள் தேவி" என்று ராணி கையில் கொடுக்கிறாரே, அது எங்கேயிருந்து வந்தது?

இத்தனை காலமாக யாருக்கும் தோன்றாத கேள்வி. வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "நியாயந்தேன்," என்றாள்.

வாத்தியார் உற்சாகமாகி ஒரு சிட்டிகை பொடியை இழுத்துவிட்டு, நோட்டைப் பிரித்துத் தான் புதிதாக எழுதிய வசனத்தை வாசித்தார். "முடி போனது, மோதிரம் போனது, நாம் படுத்திருந்த இந்தக் குடிசை மட்டும் போகவில்லை. இதன் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவித் தாருங்கள் அரசே. அது போதும் எனக்கு." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ராசா பேசாம கூரையிலேருந்து ஒரு துரும்பை எடுத்துக் கொடுக்கிறார். நீங்க முந்தானையில வாங்கிக்கிறீங்க. எப்படி?"

வேலுத்தாயின் சிரிப்பு நின்றுபோயிற்று.

காவேரிக் கரைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? வேலுத்தாயின் சனத்தில் கல்யாணம் கட்டத்தான் மேளமும் பந்தலும் வேண்டும். கட்டியதைத் தீர்க்க ஒரு துரும்பு போதும். பெரியவர்கள் நாலு பேர் பார்க்க, புருசன் தன் கையால் ஒரு துரும்பை எடுத்துக் கொடுக்க, பெண்டாட்டி அதை முந்தானையில் வாங்கிவிட்டால் தீர்ந்தது. அதன் பிறகு அவள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. துரும்பு வராவிட்டால், புருசன் எட்டுத் திசையில் எங்கே கிடந்தாலும் அவள் அவன் பெண்டாட்டிதான். அந்தத் துரும்புக்காகத்தான் வேலுத்தாய் மூன்று வருசமாகக் காத்துக்கிடந்தாள். கொடுக்க வேண்டியவன் ராமர். உதயகேது ராசாவாக வேசம் கட்டுகிறவனும் அதே ராமர்தான்.

ராமரைப் போல ஒரு ராசபார்ட் மதுரைக்குத் தெற்கே கிடையாது என்பார்கள். அவனும் அதை நம்பினான், அதுதான் வினை. கல்யாணம் கட்டிப் பதினோரு வருசம் ராசாவும் ராணியுமாக ஊர் ஊராகப் போனார்கள். தேவாரம் ஊரில் ஒரு நாடகத்தில் ராணியின் பாட்டுக்கு மூன்று தடவை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ராசா பாடி முடித்தபோது கூட்டம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் வந்த ராணியை ராசா கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் அழவில்லை. அரிதாரத்தைக் கலைத்து, ஐந்து விரலும் தெரிகிற கன்னத்தோடு போடிக்குப் பஸ் ஏறித் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ராமர் போடிமெட்டில் எல்லைப் பக்கம் ஒரு டீக்கடையின் மச்சில் குடியேறினான்.

மூன்று முறை சனம் கூடியது. முதல் முறை அவன் வரவில்லை. இரண்டாம் முறை வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை தோளில் சால்வையோடு எழுந்து, "ராசா துரும்பு குடுக்க மாட்டான்," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கூட்டத்துக்கு நடுவராக உட்கார்ந்திருந்தவர் இதே கங்காணி ஒச்சப்பன்தான்.

இத்தனைக்கும் இருவரும் சேர்ந்து நடிப்பதை நிறுத்தவில்லை. கேட்கிற ஊர்க்காரர்களுக்கு ராமர் இல்லாத உதயகேது வேண்டாம், வேலுத்தாய் இல்லாத ராணியும் வேண்டாம். மேடையில் 'அரசே', 'தேவி'. மேடையை விட்டு இறங்கினால் பேச்சுவார்த்தை கிடையாது.

வேலுத்தாய்க்கு இப்போது அவசரம் வேறு இருந்தது. காசிமாயன் என்று ஒருவர், குரங்கணிக்காரர், எஸ்டேட்டுகளுக்கு அரிசி ஏற்றி ஏலக்காய் இறக்கும் பொதிக்குதிரைகள் நாலு வைத்திருந்தார். பெண்டாட்டி செத்து ஆறு வருசம். கட்டிக்கொடுக்கிற வயதில் ஒரு மகள். நாடகப் பெட்டிகளை மலைக்கு ஏற்றி இறக்கியே அவருக்கும் வேலுத்தாய்க்கும் பழக்கம். "துரும்பு வரட்டும், மறுநா தாலி கட்டுறேன்," என்று நேராகச் சொல்லியிருந்தார். துரும்பு இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்டு வர மாட்டார்கள். வேலுத்தாய்க்கு அது தெரியும். முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. சாயங்காலம் அடுப்பு மூட்டினால் ஒரு ஆள் வந்து உட்கார வேண்டியிருந்தது.

ஆகவே வாத்தியார், "எப்படி?" என்று கேட்டபோது அவள் உண்மையைச் சொல்லவில்லை.

"நல்லாருக்குய்யா," என்றாள்.

"ராமர்கிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா? நான் அதுக்காக மெட்டு ஏற வேண்டியிருக்கும்."

"சொல்லிர்றேன்."

அந்த நாடகங்களுக்கு ஒத்திகை என்று ஒன்றும் கிடையாது. ராசா ஒரு திக்கிலிருந்து வருவார், ராணி ஒரு திக்கிலிருந்து வருவாள், அரிதாரம் பூசிக்கொண்டு மேடையில்தான் சந்திப்பார்கள். மாற்றம் இருந்தால் வாய்வழியாகச் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். மேடையில் ஒருவர் எதை எடுத்துப் போட்டாலும் மற்றவர் தடுமாறாமல் வாங்கியாக வேண்டும். ராமர் அதில் சூரன். என்ன கேட்டாலும் கேட்ட மூச்சில் பாட்டாகவே பதில் கட்டுவான். வேலுத்தாய் அதற்கு நேர்மாறு. வாத்தியார் எழுதியதற்கு மேல் ஓர் எழுத்துப் பேச மாட்டாள்.

பொங்கலுக்கு மறுவாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், குரங்கணியிலிருந்து மலை ஏறினார்கள். முன்னால் குதிரைகள், அவற்றின் முதுகில் ராசாவின் அரண்மனை மடித்துக் கட்டிக் கிடந்தது. பின்னால் வாத்தியாரும் மிருதங்கக்காரரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். காப்பித் தோட்டம் முடிந்து ஏலக்காடு தொடங்கியதும் வெயில் எங்கோ போய்விட்டது. பெரிய மரங்களுக்கு அடியில் பச்சை வெளிச்சம் தேங்கி நின்றது. தரையோடு தரையாக ஏலப்பூ. குதிரைகளின் கழுத்து மணி, பனிக்குள் போனதும் தூரத்தில் கேட்டது, பிறகு காதோரத்தில் கேட்டது. வேலுத்தாய்க்கு நடக்கிற மாதிரியே இல்லை. யாரோ தன்னைத் தூக்கத்திலேயே எழுப்பிக் கூட்டிப்போவதாக இருந்தது.

காசிமாயன் அவள் பக்கத்தில் கடைசிக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் கேட்டாள்:

"ஒருத்தரை ஏமாத்தி ஒண்ணு வாங்குனா, அது வாங்குனதாகுமா?"

"என்னத்தை?"

"சும்மா கேக்கேன்."

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "பாரம் கொறைச்சல்னு ஏமாத்திக் குதிரைய மேடேத்திரலாம். பாதி வழியில அதுக்குத் தெரிஞ்சிரும். பெறகு நம்ம மூஞ்சிய அது பாக்குற பார்வை இருக்கு பாரு, அதைத் தாங்க முடியாது," என்றார். வேலுத்தாய்க்கு இப்படிப்பட்ட ஆளிடம் எதையும் கேட்டிருக்கக் கூடாது என்று எரிச்சல்தான் வந்தது.

எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் மேடை கட்டியிருந்தார்கள். கட்டடம் முழுக்க உலர்ந்த காயின் வாசம். உள்ளே போய்வந்த மனுசர் பேசினாலும் அந்த வாசம்தான் வந்தது. மேடையின் ஒரு பக்கம் வாத்தியார் சொன்னபடி மலைப்புல் வேய்ந்த ஒரு குடிசை, தாழ்ந்த கூரை.

ராமர் மெட்டிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே வந்து சேர்ந்திருந்தான். தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் அவன் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. பூசும்போது சன்னமாக முனகுவது அவன் பழக்கம். இப்போதாவது எழுந்து போய்ச் சொல்லலாம். நாலே எட்டு. அவள் பொட்டு வைத்தாள், அழித்தாள், மறுபடி வைத்தாள்.

அந்தப் பக்கம் ராமரின் குரல் கேட்டது. "வாத்தியாரே, மோதிரத்தைக் காணோமே?"

"அதெல்லாம் கிடையாது, மாத்தியாச்சு. வேலுத்தாயி சொல்லியிருக்குமே?"

வேலுத்தாயின் கை அந்தரத்தில் நின்றது. பெண்டாட்டி தன்னோடு பேசி மூன்று வருசமாகிறது என்பதை ராமர் ஒரு வெளியூர்க்காரரிடம் ஒப்புக்கொள்வதா?

"சொன்னிச்சு, சொன்னிச்சு," என்றான் ராமர்.

மதியம் நாடகம் தொடங்கியது. இருநூறு முந்நூறு பேர் இருப்பார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒச்சப்பனும் இன்னும் மூன்று பெரியவர்களும். பாதிக்கு மேல் போடிப் பக்கத்துச் சனம். பகல் நாடகம் என்ன எடுபடும் என்று வேலுத்தாய் நினைத்தது தப்பாகப் போயிற்று. இரண்டாம் காட்சியில் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே அது மெதுவாகக் கடந்துபோகும்போது பாடுகிறவர் மறைந்து பாட்டு மட்டும் இருந்தது. பனி விலகினால் ராசா வேறோர் இடத்தில் நின்றார். பெட்ரோமாக்சு வெளிச்சத்தில் காகிதமாகத் தெரியும் கிரீடம் அந்த வெளுத்த பகலில் நிசமாகவே ஒரு காலத்தில் யாரோ போட்டுத் தேய்ந்ததாகத் தெரிந்தது. பிள்ளைகள் அழவில்லை. மரத்திலிருந்து சொட்டுவதும் ஆர்மோனியமும் தவிரச் சத்தமில்லை. வேலுத்தாய் எப்போது வசனம் பேசினாள், எப்போது பாடினாள் என்று அவளுக்கே நினைவில்லாமல் காட்சிகள் போய்க்கொண்டிருந்தன.

எட்டாம் காட்சி வந்தது. குடிசை வாசலில் ராசாவும் ராணியும்.

"விடிந்தால் போர், தேவி," என்றான் ராமர். பழக்கத்தில் கை இடுப்புக்குப் போயிற்று, வெறுமையைத் தடவித் திரும்பியது. என்ன மாற்றமோ தெரியவில்லை, ஆனால் ராமருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? எதுவானாலும் வரட்டும் என்று நிமிர்ந்து நின்றான். "உனக்கு நான் என்ன விட்டுச் செல்வேன்?"

வேலுத்தாய் நோட்டில் இருந்ததைச் சொன்னாள். ஓர் எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"முடி போனது, மோதிரம் போனது, நாம் படுத்திருந்த இந்தக் குடிசை மட்டும் போகவில்லை. இதன் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவித் தாருங்கள் அரசே. அது போதும் எனக்கு."

முன்வரிசையில் ஒருவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அப்படியே அடங்கியது. ஒச்சப்பன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ராமர் அவளைப் பார்த்தான். மூன்று வருசத்தில் முதல் தடவையாக, ராணியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். அரிதாரத்துக்குள் அவன் முகம் வெளுத்ததா சிவந்ததா என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் பாட்டு வந்துவிட்டது. அவன் தொழில் அவனைக் கைவிடவில்லை. பொன்னைக் கேள் தேவி, போய்ப் பறித்து வருகிறேன். மண்ணைக் கேள், மீட்டு வருகிறேன். மன்னவன் கையில் துரும்பையா கேட்பது என்று பாடினான். பக்கவாட்டில் வாத்தியார் ஒன்றும் புரியாமல் கூரையைக் காட்டிக் காட்டி ஜாடை செய்தார். ராமர் இன்னோர் அடி எடுத்தான். துரும்பு கொடுத்த கை திரும்பத் துணைக்கு வருமோ, துயரம் தெரியாமல் கேட்டாயோ என்றான். கடைசி அடியில் குரல் கொஞ்சம் பிசிறியது. அவன் குரல் பிசிறி வேலுத்தாய் கேட்டதில்லை.

இதற்குப் பதிலாக நோட்டில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை. ராசா பேசாமல் கொடுப்பதாகத்தான் எழுதியிருந்தது. அவள் முந்தானையை ஏந்தியபடி நின்றாள். இப்போது ஒரு பனி மேடைக்குள்ளேயே வந்தது. கூட்டம் போயிற்று, ஒச்சப்பன் போனார், குடிசைகூடப் பாதி போயிற்று. அவனும் அவளும் மட்டும் நின்றார்கள். எங்கே நிற்கிறோம், இது எந்த ஊர், எந்த வருசம் என்பதெல்லாம் அவளுக்கு நழுவிப்போயிற்று. பத்தொன்பது வயதில் முதல் மேடையில் பயந்து நடுங்கியவளின் காதில், "என் கண்ணை மட்டும் பாரு" என்று இவன் சொன்னது நினைவு வந்தது. அவளுக்குக் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"போதும் மாமா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போல. "குடுத்திருங்க."

ராமர் வாயைத் திறந்தான். பாட்டு வரவில்லை. முன்வரிசை தெரியுமளவு பனி விலகும்போது கையை உயர்த்திக் கூரையைத் தடவி ஒரு புல்லை உருவினான். அதைச் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிள்ளி அவள் முந்தானையில் வைத்தான். வைத்த கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

கடைசிக் காட்சியில் ராசா போர்க்களத்தில் மாண்ட சேதி வருகிறது, ராணி புலம்புகிறாள். பதினோரு பாட்டில் ஒன்பதை வாத்தியார் வெட்டியிருந்தார். மீதி இரண்டு. மற்ற நாட்களில் வேலுத்தாய் கண்ணோரம் கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டுதான் அந்தக் காட்சிக்குப் போவாள். அன்றைக்கு மறந்துவிட்டாள். போய் உட்கார்ந்தாள், முதல் அடி எடுத்தாள். சந்தோசப்பட வேண்டிய நாளில் இந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அறைந்த கையும் அதுதான், பாடிப் பாடித் தொண்டை கட்டிய ராத்திரிகளில் சுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்த கையும் அதுதான். பதினோரு வருசம் முடிந்துபோயிற்று. யாராவது ஒருவர் அதற்காக அழத்தானே வேண்டும்? அவள் அழுதாள். பாட்டு இரண்டும் தீர்ந்த பிறகும் அழுதாள். மலையில் குழந்தையைப் புதைத்தவர்கள், புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே காய் பறிக்கப் போனவர்கள், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

திரையை இழுத்ததும் வாத்தியார் ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர். "பார்த்தீங்களா! துரும்புன்னதும் சனம் அப்படியே உறைஞ்சு போச்சு! நியாயமா ஒண்ணை மாத்தினா எடுபடாமப் போகுமா?"

அதற்குள் தட்டி மறைப்பை விலக்கிக்கொண்டு ஒச்சப்பனும் பெரியவர்களும் உள்ளே வந்திருந்தார்கள். ராமர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாதி முகம் ராசா, பாதி முகம் ராமர்.

"ஏப்பா ராமரு," என்றார் ஒச்சப்பன். "நாங்க நாலு பேரும் பாத்தோம். நீ எடுத்துக் குடுத்த, அவ முந்தானையில வாங்குனா. ஆனா நாடகத்துல நடந்ததை நாங்க எந்தக் கணக்குல சேக்குறது? குடுத்தது ராசாவா, நீயா?"

வேலுத்தாய் முந்தானை நுனியில் முடிந்திருந்ததை இறுகப் பிடித்தாள். காசிமாயன் வெளியே குதிரைகளுக்குப் பாரம் கட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. 'ராசாதான் கொடுத்தார்' என்று இவன் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. இவன் சொல்வதற்குள் தானே முந்திக்கொள்ளலாம். 'அவுகதேன் குடுத்தாக' என்று ஒரு வார்த்தை. பெரியவர்கள் அவள் பேச்சை நம்புவார்கள்.

அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"பெரியப்பா, அவுகளுக்குத் தெரியாது. வசனத்தை மாத்துனது ஒரு மாசமா எனக்குத் தெரியும். சொல்லிர்றேன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிட்டு, வேணும்னே சொல்லாம மறைச்சேன். மேடையில நிறுத்தி வச்சு வாங்கிரணும்னு நெனைச்சேன். ஏமாத்தித்தேன் வாங்குனேன். செல்லாதுன்னா செல்லாமப் போகட்டும்."

வாத்தியாருக்கு அப்போதுதான் எதுவோ புரியத் தொடங்கியது. பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

ராமர் துடைப்பதை நிறுத்தியிருந்தான். எண்ணெய்த் துணியை மடித்துப் பெட்டிமேல் வைத்தான். "மொதத் தடவை கேட்டது ராணிதேன் பெரியவரே," என்றான். "அதுக்கு ராசாவா நின்னு பாடித் தட்டிக் கழிச்சேன். எல்லாரும் கேட்டீகள்ல? ரெண்டாவது ஒருக்க கேட்டா. அது உங்களுக்குக் கேட்டிருக்காது. என்னை மாமான்னு கூப்பிட்டுக் கேட்டா. பதினாலு வருசத்துல நோட்டுல எழுதாத ஒரு சொல்லை இவ மேடையில பேசி நான் பாத்ததில்ல. ராணிக்கு ராசா மாமனா? கேட்டது எம் பொண்டாட்டி. குடுத்தது நாந்தேன்."

ஒச்சப்பன் மற்ற மூவரையும் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். "அப்ப தீந்துச்சு," என்றார். மூன்று வருசமாக அவள் காத்திருந்த சொல் அது. இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று தோன்றியது.

பெரியவர்கள் வெளியேறினார்கள். வாத்தியாரும் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனைபோல் நழுவினார். ராமர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டான். மெட்டுக்கு இரண்டு மணி நேர நடை, பொழுதும் சாயப்போகிறது. காதோரம் கொஞ்சம் அரிதாரம் மிச்சமிருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவளைப் பார்க்காமலேயே தட்டியை விலக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தான்.

வேலுத்தாய் வாசல்வரை போனாள். கூப்பிட வேண்டும்போல் இருந்தது. பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்த 'மாமா'வை விழுங்கினாள். இனி அது இவனுக்கு இல்லை. வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? 'அரசே' என்றால் கேலியாக இருக்கும். அவன் உருவம் பாதி கரைந்துவிட்டது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பேரை அவள் சொன்னாள்.

"ராமரு."

அவன் நின்றான். யார் கூப்பிட்டது என்று தெரியாதவன் மாதிரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

"பனி எறங்குது," என்றாள். "பாத்துப் போங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு நடந்தான்.